பதினோராம் படலம்

கார்த்திகை. வந்தாறுமூலை ஆய்வுகூடத்துச் சுவரில்
ஈரமானி தொண்ணூற்றொன்றில் நிற்கிறது.
பொரித்த பப்படமே தொய்ந்துபோகும் காற்று.
நான் படலம் வார்க்கிறேன்.

புராணம் படிப்பவருக்குப் படலம் ஒரு பகுதி,
முடித்தால் அடுத்தது தானாக வரும்.
எனக்கது அறுபது மைக்ரோன்.
வெள்ளைத் தூள், புளோரீன் ஏறிய காபன் சங்கிலி,
கரைப்பானில் இரவெல்லாம் சுழன்று
விடியும்போது தேன் பதத்துக்கு வரும்.
கண்ணாடித் தட்டில் ஊற்றி
அலகால் ஒரே இழுவை.
நாலாம் தட்டில் நான் தும்மிய இடம்
இன்னும் தழும்பாகக் கிடக்கிறது.

பத்துத் தட்டும் பால்போல வெளுத்துவிட்டன.
காற்றிலிருந்த தண்ணீர் உள்ளே புகுந்து
பல்பகுதியத்தைத் திரட்டி
ஓட்டை ஓட்டையாகக் குடியேறியது.
பத்தாவதை வெளிச்சத்துக்குப் பிடித்த ஃபஸ்மினா
"இது அப்பம்தான் புள்ள" என்றாள்.

இத்தனை பாடும் அந்தத் தண்ணீருக்காகத்தான்.
சங்கிலியின் முதுகு தண்ணீரைக் கண்டால் விலகும்.
நாங்கள் ஒட்டவைக்கும் கிளைகளின் நுனியில்
சல்போனிக் அமிலம், அதற்கோ தாகம் அடங்காது.
இரண்டையும் ஒரே வீட்டில் கட்டிப்போட்டால்
நடுவே ஓடை திறக்கும்,
கண்ணுக்குத் தெரியாத ஓடை.
புரோத்தன் அதில் பெரும்பாலும் நீந்துவதில்லை.
கிரான் வெள்ளத்தில் மண்மூட்டை கைமாற்றினோமே,
மூட்டை அக்கரை போனது,
ஆட்கள் நின்ற இடத்திலேயே நின்றோம்,
அப்படி.

பதினோராவது நாள் ஃபஸ்மினா
ஏறாவூரிலிருந்து ஓட்டோவில் ஒரு பெட்டி கொண்டுவந்தாள்.
தம்பி கோழிக்குஞ்சு வளர்த்த பெட்டி:
உள்ளே நூறு வாற்று பல்பு, வெளியே கார் பற்றரி,
கரண்ட் போனாலும் சூடு போகாது.
அதைப் புகையகற்றும் அலுமாரிக்குள் ஏற்றி
நாலு மூலையிலும் கல்சியம் குளோரைட்டு வைத்தோம்.
இரவு இரண்டு மணிக்கு ஊரே இருண்டது.
பெட்டியின் இடுக்கில் மட்டும் மஞ்சள் கோடு.

காலையில் தட்டைத் தண்ணீரில் அமிழ்த்தியதும்
படலம் தானாகக் கழன்று மிதந்தது.
அதன் ஊடாக நாட்காட்டியின் திகதி தெரிந்தது,
அடியிலிருந்த நகைக்கடை விலாசமும்.
ஓரத்தில் ஒரு குஞ்சுத் தூவி.
அந்த மூலையை வெட்டிக் குறிப்பேட்டில் ஒட்டினேன்.

பொற்றாசியம் ஐதரொட்சைட்டில் நனைக்க
தேயிலைச் சாயம் ஏறியது.
புளோரீன் விட்டுப்போன இடங்களில்
ஸ்ரைரீன் பிடித்து வளர்ந்தது.
அமிலம் ஏற்றிய நாளன்று
இரண்டு சோடிக் கையுறை, மூடிய முகம்,
ஜன்னலுக்கு வெளியே ஒருவரையும் நிற்க விடவில்லை.
கடைசியில் மானி சொன்ன கடத்துதிறன்
விலைக்கு வாங்கும் தாளில் மூன்றிலொன்று.
ஃபஸ்மினா மூன்று தரம் அளந்தாள்.
மூன்று தரமும் அதே மூன்றிலொன்று.
கன்டீனில் ஆளுக்கு ரெண்டு ரோல்ஸ் சாப்பிட்டோம்.

பின்னேரம் களஞ்சியத்திலிருந்து
நல்லரெத்தினம் கழிவுப் படிவத்தோடு வந்தார்.
பொருள்: எழுதினேன்.
அளவு: இரண்டரை லீற்றர்.
அழிக்கும் முறை:
"வழமையா இதில என்ன எழுதுறது?"
"வழமையா ஒண்டும் எழுதுறல்ல."

கழுவுதொட்டிக்குக் கீழே பன்னிரண்டு பழுப்புப் போத்தல்.
காபன் பிடித்த புளோரீனை
வெயில் அறுக்காது, கிருமி தின்னாது.
அதற்காகத்தான் அதைத் தெரிந்தெடுத்தோம்,
என் முன்மொழிவின் முதல் பந்தியே அதுதான்.
வெளியே கான் நிரம்பி வயலுக்கு ஓடுகிறது,
வயல் வாவிக்கு.
முகத்துவாரம் இன்னும் வெட்டவில்லையாம்.

பேனையை மூடிவைத்தேன்.
போத்தல்களை ஒவ்வொன்றாகத் தூக்கி
அலுமாரியின் மேல்தட்டில் அடுக்கினேன்.
போன வருட வெள்ளம் விட்டுப்போன கோடு
சுவரில் என் முழங்கால் அளவில் இருக்கிறது.
இடுப்புக்கு வந்தால் என்ன செய்வது என்று
படிவத்தில் இடமில்லை.